முறை ஒருவருக்கு, ஸ்டியரிங் ஒருவருக்கு

வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது ‘தகப்பனார் தொழில்’ என்ற இடத்தில் ‘டிரான்ஸ்போர்ட்’ என்று எழுதினேன். பொய் இல்லை. அப்பா லாரி டிரைவராக இருந்தவர். நேர்முகத்தில் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, “டிரான்ஸ்போர்ட்டா? எத்தனை வண்டி ஓடறது?” என்று கேட்டார்.

“ஒரு வண்டி சார்.”

அதுவும் பொய் இல்லை. ஒரு ஆள் ஒரு சமயத்தில் ஒரு வண்டியைத்தானே ஓட்ட முடியும். “சின்ன அளவுல பண்றார்போல இருக்கு, நல்லது” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் திருத்தவில்லை. அன்று வெளியே வந்து ராயபுரம் பாலத்தின் மேல் நடந்து வீட்டுக்குப் போகும்போது, திருத்தியிருக்கலாமே என்று தோன்றியது. வேலை கிடைத்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேலை கிடைத்த பிறகு அதற்கு நேரமே வாய்க்கவில்லை. யாரும் மறுபடி கேட்கவும் இல்லை.

எங்கள் கம்பெனி கப்பலில் வந்த சரக்கை ஹார்பரிலிருந்து எடுத்து, திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பெனி. அதற்கு இரண்டு ஆபீஸ். பீச் ஸ்டேஷன் பக்கம் இருப்பது ஹார்பர் ஆபீஸ். எந்தச் சரக்கு எந்த கேட் வழியாக வெளியே போனது என்பது அவர்கள் கணக்கு. திருவொற்றியூர் ஹைரோட்டில் இருப்பது லாரி யார்டு. எந்த வண்டி, யார் முறையில், எங்கே போனது என்பது இவர்கள் கணக்கு. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் சமைக்கிற ஓரகத்திகள் மாதிரி இரண்டும் இருந்தன. மணலியிலிருந்து ஒருவர் போன் செய்து “எங்க சரக்கு என்னய்யா ஆச்சு?” என்று கேட்டால் ஹார்பர் ஆபீஸ், “கேட்டுல ஒப்படைச்சாச்சு, யார்டைக் கேளுங்க” என்பார்கள். யார்டில், “வண்டி போய்ட்ச்சு சார், ஹார்பர்ல கேளுங்க” என்பார்கள். கேட்டவர் நடுவில் நின்று கத்துவார்.

இந்த இரண்டையும் சேர்த்துவைப்பதற்குத்தான் என்னை எடுத்தார்கள். இரண்டு இடத்துக் கணக்கையும் ஓட்டை போட்ட கார்டுகளாக மாற்றி, மவுண்ட் ரோட்டில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடுகிற கம்ப்யூட்டரில் கொடுத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டாதது எதுவோ அதை மட்டும் அது அச்சடித்துத் தரும். அதற்கான புரோகிராமை நான் எழுத வேண்டும். காலேஜில் கணக்குப் படித்துவிட்டு, மாலை வகுப்பில் புரோகிராம் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் ஸ்கூலை முடித்த முதல் ஆள் நான். அம்மா ரேஷன் கடையில் கைநாட்டு வைப்பவள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், “கார்டுல ஓட்ட போட்றான், அத்த மிசினு படிக்குதாம்” என்று பெருமையாகச் சொல்வாள். எனக்கு இதைவிடச் சரியாகச் சொல்ல வராது.

கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். ஒருநாள் காசிமேட்டில் ஏறிய மீன்காரம்மா ஒருத்தி என் பக்கத்தில் கூடையை வைத்தாள். கூடையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டிப் பெட்டியின் ஒரு மூலையில் இறங்கிவிட்டது. நனைந்த கார்டு உப்பி மிஷினுக்குள் மாட்டிக்கொண்டது. ஆபரேட்டர் அதை உருவி எடுத்து மூக்கருகே கொண்டுபோய், “என்ன சார், ஹார்பர் கணக்கா? கருவாட்டுக் கணக்கா?” என்றான். ஏ.ஸி. அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து பெட்டியை மெழுகுத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். பஸ்ஸில் கூடைக்காரர்கள் ஏறினால் எழுந்து நின்றுகொள்வேன். அவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். “இன்னா தம்பி, படிச்சவுடனே நாங்க நாறுறோமா?” என்று ஒருத்தி கேட்டாள். கார்டு நனையக் கூடாது என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் நம்பவில்லை.

மேனேஜர் கேட்டது இரண்டு விஷயம்தான். சரக்கு வெளியே போகக் கொடுக்கிற கேட் பாஸின் நம்பரை வைத்து இரண்டு கார்டையும் ஜோடி சேர்க்க வேண்டும். லாரி நம்பர் ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும். மூன்றாவதாக ஒன்றை நானே சேர்த்தேன். இரண்டு கார்டிலும் டிரைவர் நம்பர் இருந்தது. அதையும் ஒத்துப்பார்க்கச் சொல்லி எழுதினேன். யாரும் கேட்கவில்லை. புரோகிராமில் இன்னும் சில வரிகளுக்கு இடம் இருந்தது, நான் புதிதாக வேலைக்கு வந்தவன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசை.

இந்த இடத்தில் யார்டின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். டிரைவர்களுக்கு அங்கே முறை உண்டு. வரிசையில் யார் பெயர் முன்னால் இருக்கிறதோ அவருக்கு அடுத்த நடை. ஒருத்தர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டால் அவர் பெயரை வரிசையிலிருந்து எடுக்க மாட்டார்கள். முறை வரும்போது மேஸ்திரி அவர் பெயரிலேயே நடையை எழுதுவார். வேறு ஒருத்தர் வண்டியை எடுத்துக்கொண்டு போவார். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். நடைக்கான சம்பளம் படுத்திருப்பவர் வீட்டுக்குப் போய்விடும். ஓட்டியவர் அதைப் பற்றிப் பேச மாட்டார். வாங்கிக்கொண்டவரும் பேச மாட்டார். நன்றி சொல்வது கிடையாது. திருப்பிக் கொடுப்பது கிடையாது. அவர் எழுந்து வந்த பிறகு, வேறு எவனாவது படுத்தால், அவன் முறையை இவர் ஓட்டுவார். முதலாளி ஆட்கள் காதில் மட்டும் இது விழக்கூடாது.

ஹார்பர் கேட்டில் கதை வேறு. உள்ளே போக ஒவ்வொரு டிரைவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர் யாரோ அவர் பாஸில் உள்ள டிரைவர் நம்பரைத்தான் கேட்டில் குறிப்பார்கள். யார்டில் எழுதுவது யாருடைய முறை என்பதை. கேட்டில் எழுதுவது யாருடைய கை என்பதை. இரண்டும் அதுவரை ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது.

இது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் மேஜையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறபோது ‘டிரைவர்’ என்பது எனக்கு ஒரு மனுஷனாகத் தெரியவில்லை. கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற சில ஓட்டைகளாகத் தெரிந்தது.

முதல் ஓட்டத்திலேயே கிட்டத்தட்ட எல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒட்டாதவை அச்சான பேப்பரை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போதே பார்த்தேன். பெரும்பாலும் பஞ்ச் செய்யும்போது வந்த பிழை, அதெல்லாம் ஒவ்வொன்று. ஒரு நம்பர் மட்டும் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்தது. யார்டுக் கணக்கில் அந்த டிரைவர் ஒன்றரை மாதமாக ஒரு முறை தவறாமல் ஓட்டியிருக்கிறார். கேட் கணக்கில் அவர் ஒரு நாள்கூட ஹார்பருக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

மேனேஜர் பேப்பரை விரித்து, பென்சிலால் அந்த நம்பரை ஒவ்வொரு பக்கத்திலும் வட்டமிட்டார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

“இது என்ன தெரியுமா? ஆளே இல்லாம சம்பளம். முதல் மாசத்திலேயே உன் புரோகிராம் திருடனைப் பிடிச்சிடுத்தே.” என் முதுகில் தட்டினார். “டிரைவர் நம்பரைப் பார்க்கச் சொல்லி நான் சொல்லலையே. உனக்கு எப்படித் தோணித்து?”

“சும்மா சேர்த்தேன் சார்.”

“இதான் மூளைங்கறது.” அவர் அக்கவுண்டண்டைக் கூப்பிட்டுக் காண்பித்தார். “அந்த ஆளை நிறுத்திடலாம். யார்டு மேஸ்திரியும் இதுல கூட்டுதான். நாளைக்கு வரச் சொல்லுங்கோ. ஒழுங்கா பதில் வரலைன்னா போலீஸ்தான்.”

போலீஸ் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் அந்த நம்பருக்குப் பின்னால் இருக்கிற ஆளை நினைத்தேன். அவர் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் சந்தில் மூன்றாவது வீடு. மஞ்சள் காமாலையில் ஒன்றரை மாதமாகப் படுத்துக்கிடப்பவர். அண்ணன் என்று கூப்பிடுவேன்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே போனேன். மாதா படத்துக்குக் கீழே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது, கை நகமும்கூட. அண்ணி கீழாநெல்லியை அரைத்துக்கொண்டிருந்தாள்.

“வா நைனா, வா. குந்து” என்றார். “இன்னாமோ படா மிசின்ல வேல பாக்குறியாமே. ஒங்கம்மா சொல்லிகினு கீது. அது ஹார்பர் கணக்கு, யார்டு கணக்கு ரெண்டயும் முடிச்சு போடுதாம்?”

“ஆமாண்ணே.”

“நல்ல வேல. ரெண்டு எடத்துலயும் நாய் மாறி அலையணும் ஒரு சீட்டுக்கு. நீ முடிச்சு போட்டுட்டீன்னா எங்களுக்கும் பேஜாரு இல்ல.” சிரித்தார். “இன்னாடி, புள்ளைக்கு டீ குடேன். என்னியே பாத்துகினு இருந்தா மஞ்சளா பூடுவான்.”

டீயைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். குடிக்க முடியவில்லை. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யார்டு மேஸ்திரி. அவருக்குப் பின்னால் எங்கள் அப்பா. அப்பாவுக்கு மூச்சு வாங்கும். நெஞ்சு நோய்க்குப் பிறகு அவர் வண்டி ஓட்டுவதில்லை, எண்ணூர் போகிற வழியில் ஒரு குடோனில் வாட்ச்மேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

“தோ கீறாரே தொர. இன்னா நைனா, ஒன் மிசினு எங்கள மாட்டி உட்ருச்சாமே.”

அண்ணன் புரியாமல் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். மேஸ்திரிதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. வண்டி பஞ்சரானதைச் சொல்வது மாதிரி சொன்னார். சொல்லி முடித்ததும் அண்ணி அரைப்பதை நிறுத்தினாள்.

“நான் வேணும்னு செய்யலண்ணே” என்றேன்.

“அட, அத்த வுடு” என்றார் அண்ணன். “மிசினு கண்ட்டத சொல்லும். அதுக்கு இன்னா தெர்யும்.”

“நாளைக்கு ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்” என்றார் மேஸ்திரி. “நம்பர் தப்பா பூட்ச்சின்னு சொல்லிக்கிறேன். திட்டுவானுங்க, வாங்கிக்கினு வந்துடலாம். நீ,” என்று என் பக்கம் விரலை நீட்டினார், “நீ வாயத் தொறக்காத. ஒனக்கு ஒண்ணியும் தெர்யாது. படிச்சு ஒருத்தன் மேல போயிகீறான், அவனையும் கீழ இஸ்து போட்டோம்னு எங்களுக்குப் பேரு வாணாம்.”

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேனேஜர் அறையில் நான் பேப்பர்க் கட்டோடு ஓரமாக நின்றேன். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யார்டில் அவர் குரலுக்கு லாரி எல்லாம் வழிவிடும். இங்கே மெதுவாகப் பேசினார்.

“நம்பர் தப்பா எழுதிட்டேன் சார். வயசாயிட்ச்சு. கண்ணு சரியா தெர்ல.”

“ஒன்றரை மாசமா ஒரே நம்பரைத் தப்பா எழுதுவியா?”

“ஒரு தபா தப்பா வந்துட்டா அப்பால அதேதான் கையில வருது சார்.”

அக்கவுண்டண்ட் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. “சம்பளம் யார் வாங்கினது?”

மேஸ்திரி தலைப்பாகையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் யோசித்துவைத்துக்கொண்டு வந்த பதில் அதோடு தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“நான்தான் சார் வாங்கினேன்.”

“நீயே எடுத்துண்டியா?”

“ஆமா சார். அந்த டிரைவருக்கு ஒண்ணும் தெர்யாது. அவன் ஒடம்பு முடியாம படுத்துகினு கீறான். அவன் மேல தப்பு இல்ல.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப இது திருட்டு. போலீஸ்ல சொல்லிடறேன்” என்று போனை எடுத்தார்.

நான் பேசினேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அவர் எடுக்கவில்லை சார், இது இங்கே வழக்கம் சார் என்று சொல்லி, முறையைப் பற்றி விளக்கினேன். கம்பெனிக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை, ஓடின நடைக்குத்தான் சம்பளம் போயிருக்கிறது, ஓட்டினவர்கள் தங்கள் கூலியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், என்றேன். மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்தார், ஆனால் கீழே வைக்கவில்லை.

“ஒருத்தன் ஓட்டி இன்னொருத்தனுக்குக் கொடுக்கறானா? டிரைவர்களா? யார் சொன்னா உனக்கு? இந்த ஆளா சொல்லிக்கொடுத்தது?”

“இல்ல சார்.”

“பின்ன எப்படித் தெரியும்?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். கையிலிருந்த தலைப்பாகைத் துணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்ல அந்தக் காசுல சாப்ட்டிருக்கோம் சார்” என்றேன். “எங்கப்பா நெஞ்சு நோயில படுத்தப்போ, மழைக்காலம் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரைக்கும், அவர் முறைய இவங்கதான் ஓட்டினாங்க. என் ஸ்கூல் பீஸு அதுலதான் கட்டினது. நான் படிச்சதே அதுல சார்.”

மேனேஜர் போனைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

“உங்கப்பா டிரான்ஸ்போர்ட் பண்றார்னு...”

“டிரைவர் சார்.”

“ஒரு வண்டின்னு சொன்னியே.”

“ஆமா சார்.”

மேனேஜர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. அவர் நல்ல மனிதர், இப்போதும் அதைத்தான் சொல்வேன். போனை வைத்துவிட்டு மேஸ்திரியை உட்காரச் சொன்னார். மேஸ்திரி உட்காரவில்லை. பிறகு மேனேஜர் எழுந்து அறைக் கதவைத் திறந்து, வெளியே இருந்த கிளார்க்குகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, என்னை நிற்கவைத்துக்கொண்டே முழுவதையும் சொன்னார். “இவன் படிச்சதே இப்படித்தானாம். கேளுங்கோ, நாமெல்லாம் லாரிக்காரன்னா என்ன நினைக்கறோம்.” அக்கவுண்டண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் யாரோ தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு வடையை எடுத்து வைத்தார். இன்னொருவர் தயிர் சாதம். அதுவரை எனக்கு யாரும் எதுவும் வைத்ததில்லை. சாப்பிடாமல் இருந்தால் தவறாக நினைப்பார்கள் என்று எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

மேஸ்திரி மாடிப்படியில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் சொன்ன?”

“உங்கள போலீஸ்ல குடுத்திருப்பாங்க.”

“குடுத்தா இன்னா? நான் பாக்காத டேசனா? ரெண்டு நாள் வச்சிகினு உட்ருப்பான்.” தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டார். “ஒங்கப்பன இஸ்தாந்து நடு ஆபீஸ்ல படுக்க வச்சிட்டியே நைனா. அல்லாரும் வந்து பாத்துட்டுப் போறானுங்க.”

அவர் இறங்கிப் போய்விட்டார். பின்னாலேயே போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் கையில் அந்தப் பேப்பர்க் கட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மேனேஜர் முதலாளியிடம் பேசி, நல்லதாகவே ஒரு ஏற்பாடு செய்தார். இனி டிரைவர் யாராவது நோயில் படுத்தால், டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு மனு கொடுக்க வேண்டும். அவருக்குப் பதிலாக ஓட்டுகிறவர், ‘இந்த நடையின் கூலியை இன்னாருக்கு உதவியாகக் கொடுக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். கார்டில் அதற்கென்று கடைசியில் ஓர் இடம் ஒதுக்கி, ஓட்டியவரின் நம்பரை அங்கே பஞ்ச் செய்ய வேண்டும். அப்படி இருந்தால் மிஷின் அதைத் தவறு என்று சொல்லாது. “எல்லாம் முறைப்படி ஆயிடுத்து பாரு” என்றார். நான் புரோகிராமில் அந்த இடத்தைச் சேர்த்தேன். சரியாக வேலை செய்தது.

நான் மேனேஜர் அறையில் பேசிய சேதி அப்பாவுக்கு அன்றைக்கே போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

அப்பா படுத்திருந்த அந்த வருஷத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேஸ்திரி வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்று, “எம்மா, சம்பளம்” என்று குரல் கொடுப்பார். அம்மா வாங்கிக்கொண்டு போய், “ஒன் சம்பளம் வந்துட்ச்சு” என்று அப்பா கையில் கொடுப்பாள். அப்பா பிரித்துப் பார்த்து, அதிலிருந்து எனக்குப் பீஸ் எடுத்துக் கொடுப்பார். “ஒயுங்கா படி. அப்பன் கஷ்டப்பட்டு சம்பாரிக்கிறேன்” என்பார். கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சொல்வார். நான் சரிப்பா என்பேன். எங்கள் மூன்று பேருக்கும் அந்த நடிப்பில் ஒரு பங்கு இருந்தது. ஆனால் என் பங்கு அப்பாவுக்குத் தெரியாது. ஸ்கூலுக்குப் போகும்போது ஹைரோட்டில் அப்பாவின் வண்டியை ஒருநாள் பார்த்தேன். உள்ளே வேறு ஆள். இன்னொரு நாள் இன்னொரு ஆள். அவர்கள் எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். புரிந்துவிட்டது. வீட்டில் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார்.

“அப்ப ஒனக்கு அப்பவே தெர்யுமா?”

“தெரியும்பா.”

“அல்லாமா?”

“ஆமா.”

தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். “நான் ஒங்கிட்ட சம்பாரிக்கிறேன் சம்பாரிக்கிறேன்னு சொல்லிகினு இருந்தேனே” என்றார். பிறகு குடோனுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். அன்று அவருக்கு டியூட்டி இல்லை.

யார்டில் யாரும் மனு கொடுக்கவில்லை. ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. மேஸ்திரி படிவங்களை ஆணியில் மாட்டிவைத்தார், அவ்வளவுதான். முன்பு மாதிரி பேசாமல் ஓட்டுவதற்கும் வழி இல்லை, மிஷின் பார்த்துவிடும். அண்ணன் வீட்டுக்குப் போய், கையெழுத்துப் போடுவது வெறும் சம்பிரதாயம்தான் என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அதுல இன்னா எய்திருக்குதுன்னு படி.”

படித்தேன். ‘உதவியாக’ என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“எவன் நைனா எனக்கு ஒதவி செஞ்சான்? என் மொற. அத்த ஓட்னானுங்க.”

அதற்கு அடுத்த வாரமே அவர் வண்டி எடுக்கப் போய்விட்டார். கண் வெளுக்கவில்லை. அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதுவிட்டுப் போனாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாப்ட்டியா தம்பி?” என்று கேட்டாள்.

மாதக் கடைசியில் கார்டுப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். லாரி ஒன்று எதிரே வந்து நின்றது. அண்ணன்.

“ஏறு. பீச் வரிக்கும் வுட்டுட்றேன்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏறிக்கொண்டேன். கன்னம் ஒட்டியிருந்தது. கியர் மாற்றும்போது ஒவ்வொரு முறையும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ரயில்வே கேட் மூடியிருந்தது, வண்டியை நிறுத்தினார். என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

“இதுக்குள்ள நான் கீறனா?”

“இருக்கீங்கண்ணே.”

“காட்டு.”

மெழுகுத் துணியைப் பிரித்து, அந்த வாரத்துக் கார்டுகளில் அவருடையதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வண்டியின் முன்கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓட்டைகள் வழியாக வெளிச்சம் அவர் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. எது லாரி, எது கேட் பாஸ், எது அவர் என்று விரலை வைத்துக் காண்பித்தேன்.

“இவ்ளோதானா நானு” என்று சிரித்தார். பிறகு கார்டின் ஓரத்தைத் தடவினார். “இங்க ஒண்ணியும் காணமே. ஓட்ட போட மறந்துட்டியா?”

நாங்கள் புதிதாகச் சேர்த்த இடம் அது. பெட்டியிலிருந்த எல்லாக் கார்டிலும் அந்த இடம் அப்படியேதான் இருந்தது.

“அது சும்மா விட்ட எடம்ணே” என்றேன்.

ரயில் போய்க் கேட் திறந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அண்ணன் கார்டை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன்னைக் கொஞ்சம் தூக்கி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, வண்டியை எடுத்தார். நான் கார்டை அதன் வரிசையில் திரும்பச் செருகினேன். வரிசை மாறினால் மிஷினில் ஒட்டாது.